சேமித்தவன் செய்த குற்றம் யாது?

சிக்கனமாக வாழுங்கள் என்று ஆள்வோர் சொல்லுகின்றனர். வரவறிந்து செலவு செய்யுங்கள் என்று பொருளியல் கற்றோர் சொல்லுகின்றனர். காலி வீதி நெடுகிலும் வங்கிகளின் விளம்பரப் பலகைகள், பல் தெரியச் சிரிக்கும் குடும்பப் படங்களோடு, சேமியுங்கள் சேமியுங்கள் என்று கூவி நிற்கின்றன. 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள், பிற நாட்டாரிடம் வாங்கிய கடனை இப்போதைக்குக் கட்ட இயலாதென்று இலங்கை அரசு கைவிரித்ததே, அன்று தொடங்கிய உபதேசம் இன்றுவரை ஓய்ந்தபாடில்லை.

யாருக்கு ஐயா இந்த உபதேசம்? வெள்ளவத்தைத் தமிழனுக்கா? கொட்டாஞ்சேனைத் தமிழனுக்கா? சிக்கனத்தை அவனுக்கு இனி ஒருவர் வந்து கற்பிக்க வேண்டுமா?

ஊரிலிருந்து எழுதுவினைஞனாக வந்தவன் நாலைந்து பேரோடு சமறியிலே பாய் விரித்துப் படுத்தான். சைவக்கடையில் அளவறிந்து உண்டான். சம்பள நாளன்று முதல் வேலையாகத் தபாற்கந்தோருக்குப் போய் வீட்டுக்குக் காசுக்கட்டளை அனுப்பினான். புறக்கோட்டைக் கடைச் சிப்பந்தி கடைப்பலகையிலேயே உறங்கி, கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுக்கும் நாளுக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தான். ஒரு சதத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்துச் செலவு செய்கிறவன் என்று தமிழனைத் தென்னிலங்கையிலே கேலி பேசினார்கள். அந்தக் கேலியை அவன் பட்டயமாகவே ஏற்றுக்கொண்டான்.

அப்படிச் சேர்த்ததை அவன் எங்கே வைத்தான்? இங்கேதான் நமது வரலாறு குறுக்கிடுகின்றது. 1958இலே அடித்தார்கள். 1977இலே அடித்தார்கள். 1983 யூலையிலே வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டிலக்கம் பார்த்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தீ வைத்தார்கள். கட்டில் எரிந்தது. அலுமாரி எரிந்தது. மகளுக்கென்று வாங்கிய தையல் இயந்திரமும் எரிந்தது. அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியவனுக்கு மிஞ்சியது, வங்கிப் பேரேட்டில் அவன் பெயருக்கு எதிரே எழுதியிருந்த தொகை ஒன்றுதான். தீ வைப்பவனுக்கு எட்டாத இடம் ஒன்று உண்டு என்பதைத் தமிழன் அன்று அறிந்துகொண்டான். வங்கிப் புத்தகத்தைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைக்கும் வழக்கம் வேடிக்கையாக வந்ததன்று.

1983இல் தீக்கு எட்டாதது 2022இல் எட்டிப் பிடிக்கப்பட்டது. அதற்கு ஒரு தீக்குச்சியும் வேண்டியிருக்கவில்லை.

கணக்குப் பார்ப்போம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 2021 டிசம்பரிலே பத்து இலட்சம் ரூபாவை நூற்றுக்கு 6 வட்டியில் ஓராண்டு நிலையான வைப்பில் இட்டார் என்று கொள்வோம். ஆண்டு முடிவில் அவர் கைக்கு 1,060,000 ரூபா வந்தது. புத்தகத்திலே பணம் வளர்ந்துதான் இருக்கின்றது. ஆனால் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த ஓராண்டில் விலைவாசி நூற்றுக்கு 57.2 ஏறிவிட்டது. ஆகவே அந்த 1,060,000 ரூபாவும் சேர்ந்து, முந்திய ஆண்டில் 674,000 ரூபாவுக்கு வாங்கக்கூடியதைத்தான் வாங்கும். டொலரில் எண்ணுவோர் அப்படியும் எண்ணிப் பார்க்கலாம். வைப்பிட்ட நாளில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அவரிடம் இருந்தது 5,000 டொலரின் பெறுமதி. மீட்ட நாளில் ஒரு டொலர் ஏறத்தாழ 363 ரூபா. வட்டியும் முதலும் சேர்த்து அவரிடம் இருந்தது 2,900 டொலரளவு. கள்ளன் வரவில்லை, பூட்டு உடைபடவில்லை, வங்கி முகாமையாளர் புன்னகையோடு பற்றுச்சீட்டும் தந்தார். பத்து இலட்சத்தில் மூன்று இலட்சத்து இருபத்தாறாயிரம் எங்கே போயிற்று?

வீக்கம் தணிந்துவிட்டதே என்பார்கள். உண்மைதான். 2023 டிசம்பரிலே அது நூற்றுக்கு 4ஆக இறங்கியது. 2024 செப்டெம்பரிலே பூச்சியத்துக்கும் கீழே போயிற்று. வீக்கம் தணிந்தது என்றால் விலை பழைய இடத்துக்குத் திரும்பியது என்று பொருளன்று. கிணற்றுக்குள் விழுந்தவன் மேலும் கீழே போகவில்லை என்பதே அதன் பொருள்.

இக்கேட்டைச் செய்தவர் யார்? 2019 டிசம்பரில், பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8ஆகக் குறைத்து, செல்வரின் வரிகளையும் வெட்டித் திறைசேரியை வறிதாக்கினார்கள். வறிதான திறைசேரிக்கு மத்திய வங்கி நோட்டடித்துக் கொடுத்தது. ரூபாவை 200 என்ற இடத்தில் வலிந்து நிறுத்தி வைத்து, கையிருப்பிலிருந்த டொலரையெல்லாம் கரைத்துவிட்டு, 2022 மார்ச்சிலே கையை விட்டார்கள். இவை நம் கற்பனைகள் அல்ல. கோத்தாபய, மகிந்த, பசில் என்ற ராஜபக்ச சகோதரர் மூவரும், அஜித் நிவாட் கப்ரால், டபிள்யூ. டி. லக்ஷ்மன் என்ற மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் இருவரும், வேறு சில உயர் அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கைக்கு மாறாக நடந்து அவர்தம் அடிப்படை உரிமையை மீறினர் என்று 2023 நவம்பர் 14ஆம் நாள் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. தண்டம்? மனுதாரருக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா. சேமித்துக் கெட்டவனுக்கு ஒரு சதமும் இல்லை.

ஊழியனின் பணம்

இத்தோடு விட்டார்களா? 2023 யூன் இறுதியிலே வங்கிகளை ஐந்து நாட்கள் தொடர்ந்து பூட்டிவைத்துவிட்டு, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். யூலை முதலாம் நாள் பாராளுமன்றத்திலே 122 வாக்குகள் ஆதரவாகவும் 62 எதிராகவும் விழுந்தன. அரசுக்குக் கடன் கொடுத்தோர் பலர். வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. வங்கி தளர்ந்தால் நாடு தளரும் என்றார்கள். தனிப்பட்ட செல்வந்தரின் முறிகளையும் தொடவில்லை. தொட்டது எதை? ஊழியர் சேமலாப நிதி முதலான ஓய்வுகால நிதியங்களின் முறிகளை!

1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்தது இந்நிதி. ஊழியன் தன் சம்பளத்தில் நூற்றுக்கு 8உம், முதலாளி 12உம் செலுத்திச் சேர்ந்த பணம். ஓய்வூதியம் இல்லாத தனியார் துறை உழைப்பாளிக்கு முதுமையில் இதைவிட வேறு ஊன்றுகோல் இல்லை. காலி வீதிப் புடைவைக் கடையில் நாள் முழுவதும் நிற்கும் பெண்ணின் பணம் அதில் இருக்கின்றது. செட்டியார் தெரு நகைக்கடைக் கணக்கப்பிள்ளையின் பணம் இருக்கின்றது. கொழுந்து பறித்த மலையகத் தாயின் பணமும் இருக்கின்றது. இந்த நிதி தன் பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு, 2025 வரை நூற்றுக்கு 12உம் அதன்பின் 9உம் வட்டி தரும் புதிய முறிகளை ஏற்றுக்கொள்ள வேண்டும். மறுத்தால் அதன் வருமானத்துக்கு 14க்குப் பதிலாக 30 சதவீத வரி. இதற்குப் பெயர் விருப்பத்தின் பேரிலான பரிமாற்றமாம்! சந்தியில் நின்று கத்தியைக் காட்டிப் பணப்பையை வாங்குகிறவனும் இனி இதனை விருப்பத்தின் பேரிலான பரிமாற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

உறுப்பினருக்கு ஒன்பதுக்குக் குறையாது கிடைக்கும் என்று உறுதி கூறினார்கள். 2022ஆம் ஆண்டுக்கு வரவு வைத்ததும் அந்த ஒன்பதுதான். அவ்வாண்டு விலைவாசி ஏறியதோ ஐம்பத்தேழு. அரசுக்குக் கடன் திரட்டிக் கொடுத்ததும் மத்திய வங்கி. ஊழியரின் பணத்தை அரசுக்குக் கடனாகக் கொடுத்ததும் அதே மத்திய வங்கி. வாங்குபவனும் விற்பவனும் ஒருவனாக இருக்கும் சந்தையிலே பொருளுக்கு உடையவனின் பேச்சு எடுபடுமா?

இப்போது சொல்லுங்கள்: சேமித்தவன் செய்த குற்றம் யாது?

சிக்கனம் வேறு, பண நிருவாகம் வேறு

சேமித்தவன் செய்த குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அவன் நம்பிய ஒன்று பொய்த்துவிட்டது. செலவைக் குறைத்தாற் போதும், மிச்சம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்று நம்பினான். எவ்வளவு சேர்த்தோம் என்று எண்ணினானேயன்றி, எதிலே சேர்த்தோம் என்று எண்ணவில்லை. இவ்வேறுபாட்டை நம்மவர் இன்னும் உணரவில்லை என்பதே நாம் கூற வந்தது. தேயிலையைக் கரண்டியால் அளந்து போட்டு மாதம் ஐந்நூறு ரூபா மிச்சம் பிடிக்கின்ற வீட்டிலே, கடனின் வட்டி நிலையானதா மாறுவதா என்று பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

கொட்டாஞ்சேனையிலே நன்கு நடக்கும் சீட்டையே எடுத்துக்கொள்வோம். இருபது பேர், மாதம் 25,000 ரூபா, இருபது மாதம், குலுக்கல். 2021 சனவரியில் தொடங்கி 2022 ஆகஸ்டில் முடிந்த சீட்டு என்க. அவசரக்காரன் முதல் மாதத்தில் ஐந்து இலட்சம் எடுத்தான். பொறுமைசாலி, எனக்கு இப்போது வேண்டாம், கடைசிச் சீட்டைத் தாருங்கள் என்றான். அவனுக்கும் ஐந்து இலட்சந்தான் கிடைத்தது. ஆனால் அது வாங்கியது முதல்வன் மூன்று இலட்சத்துக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கியிருக்கக்கூடிய பொருளைத்தான். சீட்டுக்காரர் மோசம் செய்யவில்லை. எல்லாரும் நேர்மையாகவே கட்டினார்கள். பொறுமை என்ற நற்குணத்துக்கே தண்டம் விழுந்தது!

உத்தியோகத்தருக்கு மட்டும் நேர்ந்த கதை அன்று இது. கொழும்பில் மகன் உத்தியோகம், ஊரில் தகப்பன் தோட்டம் என்பதே நம்மிற் பலருடைய குடும்ப அமைப்பு. ஒன்றின் நட்டத்தை மற்றது தாங்கும் என்பதே அதன் தருமம். 2021 மேயிலே இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டு, பயிர் வாடிய பின் நவம்பரிலே தடையை நீக்கினார்கள். 2020இலே நெல்லுக்கு இலவசமாகக் கொடுத்த அரசே 2022இலே 50 கிலோ யூரியா மூடைக்கு 10,000 ரூபா கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டிலே மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆயிற்று. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலே எண்ணெய் இயந்திரத்தால் கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் வைப்பவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நகரத்தார் அறியார். எரிவாயு வரிசையில் நின்ற நகரத்தாரின் பாட்டைத் தோட்டக்காரரும் முற்ற அறியார்.

ஆயினும் ஒன்றைக் கூறவேண்டும். அந்த ஆண்டிலே விளைவை முழுதும் உடனே ரூபாவாக்கி வங்கியில் இட்டவனை விட, அடுத்த போகத்துக்கு வேண்டிய விதையையும் உரத்தையும் வாங்கிக் கொட்டிலில் அடுக்கிய கமக்காரன் கெட்டிக்காரனாக நின்றான். வீட்டுக்கு வேண்டிய நெல்லை மூடையாகவே வைத்திருந்தவன் அரிசிக் கடையின் விலைப்பலகையைப் பார்த்து அஞ்சவில்லை. பொருளாதாரம் படித்த மகனுக்கு இவன் சொல்லிக் கொடுக்கலாம். நாணயம் நலியும் காலத்திலே, நாளை கட்டாயம் வாங்கவேண்டிய பொருளை இன்றே வாங்கி வைப்பதும் ஒரு சேமிப்புத்தான். ஆனால் அதைக் கடன்பட்டுச் செய்யலாகாது. நகையை அடகு வைத்து உரம் வாங்கி, விலை விழுந்த நாளில் விளைவை விற்று, வட்டி ஏறி நகையும் மூழ்கிப் போன வீடுகள் நம்மிடையே ஒன்றிரண்டா?

சீதன வீடு

இனி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

வெள்ளவத்தையிலே ஒரு வீடு வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். மாப்பிள்ளை பொறியியலாளராக இருப்பார், மருத்துவராக இருப்பார், வெளிநாட்டில் இருப்பவராகவும் இருப்பார்; அவர் அவ்வீட்டில் ஒருநாளும் குடியிருக்கப் போவதில்லை. ஆயினும் மாடிக் குடியிருப்பில் ஒரு வீடு சீதனமாக எழுதப்பட வேண்டும். பெண்ணைப் பெற்றவர் தன் சேமிப்பையெல்லாம் போட்டும் போதாமல் வங்கியிலே கடன்படுகிறார். பல வேளை பெண்ணே தன் சம்பளத்தைக் காட்டிக் கடன்படுகிறாள். இந்த நாட்டிலே எவரும் இவர்களுக்கு இந்தக் கேட்டைச் செய்யவில்லை. இது நாமே நமக்குச் செய்துகொள்வது.

அந்தக் கடனின் கணக்கைப் பாருங்கள். அறுபது இலட்சம் ரூபாக் கடன். 2021இலே வட்டி நூற்றுக்குப் பத்தளவு. மாத வட்டி 50,000 ரூபா. பத்திரத்திலே சிறிய எழுத்தில், சந்தை வட்டியோடு சேர்ந்து ஏறியிறங்கும் என்று எழுதியிருந்தது. 2021 இறுதியில் 9ஐ எட்டாதிருந்த வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டி 2022 இறுதியில் 27ஐத் தாண்டியது. அப்படிப்பட்ட கடனுக்கு வட்டி 28 என்று வைத்தாலும் மாத வட்டி 140,000 ரூபா. அந்தப் பெண்ணின் சம்பளம் 200,000 ரூபா என்க. சேமலாப நிதிக்கு 16,000 போயிற்று. 2023 சனவரியில் வந்த புதிய வருமான வரி 10,500 ரூபாவைப் பிடித்தது. மிஞ்சிய 173,500இல் வட்டி 140,000 போக, கையில் 33,500. முதலில் ஒரு சதமும் குறையவில்லை. அதே மாதங்களில்தான் மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் நூற்றுக்கு 75உம், 2023 பெப்ரவரியில் மேலும் 66உம் ஏறிற்று. 33,500 ரூபாவில் வெள்ளவத்தையிலே ஒரு குடும்பம் ஒரு மாதம் சீவிப்பது எப்படி என்று சிக்கனத்தைப் போதிக்கும் பெரியோர் எவரேனும் எழுதிக் காட்டுவாரா?

வங்கிகள் தவணையை நீட்டிக் கொடுத்தன. வட்டியும் அதனோடு நீண்டுகொண்டே போயிற்று.

அந்த முதன்மை வட்டி 2024 இறுதியில் 9 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. இறங்கியதும் நம்மவர் மறந்துவிட்டார்கள். மறுபடியும் மாடி வீட்டு விளம்பரங்களை மடித்துக் கைப்பைக்குள் வைக்கிறார்கள். மாறும் வட்டிக் கடன் உள்ளவர், வட்டி தாழ்ந்திருக்கும் காலத்திலே வங்கிக்குப் போய், ஐந்தாண்டுக்காயினும் வட்டியை நிலைநிறுத்தி எழுத்தில் கேட்கவேண்டும். ஒரு வங்கி மறுத்தால் மற்றொரு வங்கியை நாடவேண்டும். கையில் மிச்சமிருப்பின் நிலையான வைப்பில் இடுமுன் கடனின் முதலைக் குறைக்கவேண்டும். எட்டு வாங்கிக்கொண்டு பன்னிரண்டு கொடுப்பது சேமிப்பன்று. புதிதாகக் கடன்படுவோர், வட்டி இருமடங்கானால் இந்தத் தவணையை என்னால் கட்ட முடியுமா என்று தாளிலே போட்டுப் பார்க்கட்டும். முடியாதெனில் மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தத் தாளையே காட்டட்டும். அதைப் பார்த்த பின்னும் வீடு வேண்டும் என்பவர் வீட்டுக்குப் பெண் கொடுப்பது எதற்கு?

கடனட்டை பற்றி நீட்டத் தேவையில்லை. 18 என்று உச்சவரம்பிட்டிருந்த அதன் வட்டி, 2022 ஏப்பிரலில் வரம்பு நீக்கப்பட்ட பின் 36 வரை ஏறியது. பிறந்தநாள் கேக்கை அட்டையில் வாங்கியவர் அதன் விலையை இரண்டாண்டு கட்டினார். பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபமும் வீடியோவும் அட்டையில் எடுத்தவரை நாம் அறிவோம். அவர் மேல் இரக்கம் உண்டு, மதிப்பு இல்லை.

வட்டி கூடத் தருவோம் என்று கூப்பிடுகிறவனைக் கண்டால் கதவைச் சாத்துங்கள். 2002இலே பிரமுக வங்கியின் அனுமதிப்பத்திரம் இரத்தாயிற்று. 2008இலே கோல்டன் கீ விழுந்தது. 2020இலே த பினான்ஸ் கொம்பனியும் ஈ.ரி.ஐ. பினான்ஸும் அனுமதியிழந்தன. பிந்திய இரண்டிலும் வைப்புக் காப்புறுதியால் முதலில் கிடைத்தது ஆறு இலட்சம் வரையில்தான். அதற்கு மேல் வைத்திருந்தவர் வழியைப் பார்த்திருந்தார். 2021இலே அந்த எல்லையை 11 இலட்சமாக உயர்த்தினார்கள். ஆகவே நிதிக் கொம்பனி ஒன்றில் வைத்தே தீரவேண்டும் என்பவர், காப்புறுதி எல்லையைத் தாண்டி ஒரே இடத்தில் வைக்கலாகாது. ஆளுக்கு ஆள் சேர்க்கும் கூம்பகத் திட்டங்களைப் பற்றிப் பேசுவதே நேர விரயம். மத்திய வங்கி பெயர் குறிப்பிட்டுத் தடைசெய்த பின்னும், கற்றவர்களே அதில் ஆள் சேர்த்துத் திரிந்தார்கள்.

பாதுகாப்பான இடம் இல்லையா? முற்றிலும் பாதுகாப்பான இடம் இல்லை. அதைச் சொல்லாமல் மறைப்பவர் உங்களுக்கு எதையோ விற்க வந்தவர். 2022 இறுதியில் திறைசேரி உண்டியலுக்கு வட்டி 30க்கு மேல் கிடைத்தது. 2024 இறுதியில் அது 9க்கும் கீழே வந்துவிட்டது. சிறு தொகை உடையோரும் வங்கி வழியாக அதை வாங்கலாம் என்பது நம் ஆசிரியர்களிலும் ஓய்வூதியரிலும் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? தெரிந்த பணக்காரர் 2022இன் இழப்பை 2023இலே பெரிதும் ஈடுசெய்துகொண்டனர். தெரியாதவர், ஐந்தாண்டு வைப்பிலே பழைய வட்டிக்குக் கட்டுண்டு கிடந்தனர். பணத்தை முழுவதும் நீண்ட தவணையில் கட்டிவைக்காமல், மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று பிரித்து வைத்திருந்தால், வட்டி ஏறும்போது ஒரு பகுதியாயினும் கையை விட்டு எழுந்து ஓடியிருக்கும்.

திறைசேரியின் உண்டியல் வேறு, நம்மவர் உண்டியல் வேறு. பின்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாடுகளில் உழைப்போர் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020இலே 710 கோடி டொலர். 2022இலே 380 கோடிக்கு இறங்கியது. 2024இலே மீண்டும் 650 கோடியைக் கடந்தது. இறங்கிய காலத்திலே பணம் வராமல் நிற்கவில்லை. உண்டியல் வழியாக வந்தது. வங்கி 200 கொடுக்க வெளியே அதற்கு மேல் கொடுத்தால் யார் வங்கிக்குப் போவார்? மக்களைக் குறை கூறுவதில் பயனில்லை. எனினும் உண்டியலில் வந்த பணம் வந்த அன்றே ரூபாவாகிவிட்டது, ரூபாவோ தேய்ந்துகொண்டிருந்தது. ரொறொன்ரோவில் பனியிலே உழைத்த பிள்ளையின் பணம் வெள்ளவத்தையிலே ஆறு மாதத்தில் கரைந்தது. அதே பணத்தை உரிய வங்கியிலே வெளிநாட்டு நாணயக் கணக்கில் வரவழைத்து, மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் ரூபாவாக்கியிருந்தால் கரைந்திராது.

அதற்காக டொலர் டொலர் என்று ஓடுவதும் பேதைமை. 363இல் அஞ்சி வாங்கியவர் 2024 இறுதியில் அது 293ஆக இருக்கக் கண்டார். பொன்னும் அப்படித்தான். 2021இலே ஓரிலட்சத்தைச் சற்று மேவியிருந்த பவுண் விலை 2025இலே மூன்று இலட்சத்தைக் கடந்தது என்பது உண்மை. ஆனால் நம்மவர் வாங்குவது பொன்னை அன்று, நகையை. செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கி, விற்கும்போது இரண்டையும் இழந்து, இடையிலே அடகு வட்டியும் கட்டினால் பொன் ஏறிய ஏற்றத்தில் பாதி செட்டியார் தெருவிலேயே தங்கிவிடும். அவசர நாளுக்கென்று சில நாணயங்கள் இருக்கட்டும். கழுத்தில் போட்டுக் காட்டுவதற்கு இருக்கிறதே போதும்.

இவற்றையெல்லாம் பார்த்த இளைஞர் சிலர், சேமித்து என்ன கண்டோம், இருக்கும்போதே அனுபவிப்போம் என்கின்றனர். பெற்றோரின் பத்து இலட்சம் ஆறே முக்காலாகக் குறைந்ததைக் கண்டவர் அப்படிப் பேசுவது வியப்பன்று. ஆனால் தம்பிமாரே, 2022 யூலையிலே எரிபொருளுக்கு அட்டை முறை வந்த போது, மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு இருந்த வீடும் இல்லாத வீடும் ஒரே மாதிரியாக இருந்தனவா? குறைந்தாலும் ஆறே முக்கால் இருந்தவர் பிள்ளையின் பள்ளிப் படிப்பை நிறுத்தவில்லை. ஒன்றும் இல்லாதவர் தோட்டைக் கழற்றினார்.

வீட்டுக்குள் நாம் செய்யவேண்டியவை இவை. வீட்டுக்கு வெளியே கேட்கவேண்டியவையும் உண்டு. முன் அறையிலே சிக்கனம் பேசிக்கொண்டு பின் கதவால் பணத்தை எடுத்துப் போவோரைக் கேளாமல் விடலாமா? மூத்தோரின் வைப்புக்குக் கொடுத்து வந்த 15 சதவீத விசேட வட்டியை, அவர்களுக்கு அது மிக வேண்டியிருந்த 2022 ஒக்டோபரிலே நிறுத்தினார்கள். வைப்பு வட்டியிலே 2023 சனவரி முதல் நூற்றுக்கு 5ஐயும், 2025 ஏப்பிரல் முதல் 10ஐயும் வரியாகப் பிடித்தார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர் வங்கிக்குச் சுயவெளிப்படுத்துகைப் படிவம் கொடுத்தால் அந்தப் பிடிப்பிலிருந்து விலக்குண்டு என்று ஏற்பாடு செய்தார்கள். ஆனால் அதைப் பலருக்கும் தெரியச் சொன்னவர் இல்லை. உங்கள் வீட்டில் ஓய்வூதியத்தாலும் வைப்பு வட்டியாலும் வாழும் பெரியவர் இருப்பின், இந்த வாரமே வங்கிக்கு அழைத்துச் சென்று அப்படிவத்தைக் கேளுங்கள்.

வெள்ளவத்தை மாடிப் படிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் வாக்குக் கேட்டு ஏறியிறங்குவோர், எக்கட்சியினராயினும், மறுபடியும் வருவார்கள். மாலையைக் கையிலெடுக்குமுன் அவர்களிடம் மூன்றைக் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதியை, பணம் கட்டும் ஊழியரின் பிரதிநிதிகளும் வாக்குரிமையோடு இருக்கும் தனிச் சபையின் கீழே கொண்டுவரப் பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவருவீரா? வைப்புக் காப்புறுதி எல்லையை ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்த்து உயர்த்தச் சட்டம் கேட்பீரா? விலைவாசி தின்றது போக மிஞ்சும் வட்டிக்கு மட்டுமே மூத்தோரிடம் வரி என்று வாதிடுவீரா? விடையை வாயால் வாங்காதீர்கள். கையொப்பத்தோடும் தேதியோடும் எழுத்தில் வாங்குங்கள்.